ரோலாந்த் வீட்டு வாசல் விளக்குகள்

கிறிஸ்துமஸுக்குக் கட்டும் கலர் விளக்குகளை ரோலாந்த் ஈஸ்டர் வரைக்கும் கழற்ற மாட்டாள். எங்கள் சாலையில் இது எல்லோருக்கும் தெரிந்த கேலி. சாலைக்கு இந்தப் பக்கம் எங்கள் பண்ணை, அந்தப் பக்கம் அவள் வீடு. ஒவ்வொரு ஜனவரியிலும் என் புருஷன் நோர்மான் அவளை விடமாட்டான்.

"என்ன ரோலாந்த், குழந்தை ஏசு இன்னும் தொட்டில்லயேதான் கெடக்காரா?"

"கழட்ட ஏணி இல்லப்பா."

"கட்டும்போது மட்டும் ஏணி இருந்துச்சா?"

"அது உன்னோட ஏணி. நீதான் மறுநாளே வந்து தூக்கிட்டுப் போயிட்டியே."

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் தனிக்கட்டை. அவளும் ஒரு பூனையும்தான். தொண்ணூற்றெட்டு ஜனவரியில் அந்த மழை பிடித்தபோது பூனையை விட்டுவிட்டு அவள் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் சமையலறையில் விறகடுப்பு உண்டு, அவள் வீட்டில் எல்லாமே கரண்ட். பூனை வர மறுத்ததாம். அந்தப் பூனைக்கு இருக்கும் மண்டைக்கனம் எனக்கு இருந்திருந்தால் நானும் எங்கேயோ போயிருப்பேன்.

மழை ஆரம்பித்தபோது யாரும் பயப்படவில்லை. பனிக்கு நாங்கள் பயப்படுகிறவர்கள் இல்லை. ஆனால் இது பனி இல்லை. தண்ணீராக விழுந்து, தொட்ட இடத்தில் கண்ணாடியாக இறுகும் மழை. விட்டுவிட்டுப் பெய்தாலாவது பரவாயில்லை, அது நிற்கவே இல்லை. கம்பத்து வயர் என் மணிக்கட்டுப் பருமனுக்கு வீங்கித் தொங்கியது. தோப்பில் மேப்பிள் மரங்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. ஒவ்வொரு முறிவும் துப்பாக்கி வெடித்ததுபோல் கேட்டது, அதன் பின்னாலேயே கண்ணாடிக் கடை சரிந்ததுபோல் ஒரு சத்தம். வயலுக்கு அப்பால் வானளவு உயரத்துக்கு நின்ற இரும்புக் கோபுரங்கள் முழங்கால் மடிந்து கிடந்தன. கரண்ட் போனது. போனும் செத்தது. அதற்குப் பிறகு நான் பயப்பட ஆரம்பித்தேன், அதை ஒளிக்கவும் இல்லை.

மாடுகளுக்குக் கரண்ட் போனது தெரியாது. மடி நிறைந்தால் கறந்தாக வேண்டும். மெஷின் இல்லாமல் நாற்பது மாட்டைக் கையால் கறப்பது சும்மா பேச்சில்லை. முதல் நாள் நோர்மானும் நானும் கறந்தோம். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன, கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. கறக்காமல் விட்ட மாடுகள் கத்தின. மடி கல்லாகி, சூடேறி, பாலில் கட்டி விழ ஆரம்பித்தது.

எங்கள் சாலையில் இன்னொரு பண்ணைக்காரன் ஃப்ளோரியானிடம் டிராக்டரில் மாட்டி ஓட்டும் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. சாலையிலேயே அது ஒன்றுதான். அந்த மனுஷன் அதை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு பண்ணையாகப் போனான். ஒரு கொட்டகையில் கறந்து முடிந்ததும் அடுத்த கொட்டகை. ராத்திரி பகல் என்று இல்லாமல் டிராக்டர் இருக்கையிலேயே கோழித்தூக்கம் போட்டான். எங்கள் முறை காலையில் ஒரு தரம், இருட்டிய பிறகு ஒரு தரம்.

ஜெனரேட்டரை மாட்டுவதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. கொட்டகைச் சுவரில் இருக்கும் மெயின் பெட்டியின் கைப்பிடியைக் கீழே இறக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இறக்காவிட்டால் நம் கரண்ட் நம் வீட்டோடு நிற்காது. கம்பத்தின் மேலேறி, அங்கிருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரில் பல மடங்காகப் பெருத்து, வெளியே லைனில் ஓடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி யாராவது அதில் கை வைத்தால் அவ்வளவுதான், ஆள் கரிக்கட்டை. இதை எனக்கு என் மகன் யானிக் சாப்பாட்டு மேஜையில் கரண்டியையும் முட்கரண்டியையும் வைத்து விளக்கியிருக்கிறான். அவன் லைன்மேன்.

லைன்மேன் ஆனதுதான் எங்கள் வீட்டுச் சண்டை. ஒரே பிள்ளை. பண்ணையை எடுத்துக்கொள்வான் என்று நோர்மான் கொட்டகையை நீட்டிக் கட்டினான். பிள்ளையோ ஒரு நாள், எனக்கு மாடு வேண்டாம், கம்பம்தான் வேண்டும் என்றுவிட்டான். அன்றிலிருந்து இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து என் வழியாகப் பேசுவார்கள். மூன்று வருஷமாக நான் ஒரு தபால்பெட்டி.

அப்படி ஒரு நாள் மதியம் யானிக் வந்தான். கூடவே அவன் வேலைக் கூட்டாளி. இரண்டு பேரும் தூங்கிப் பல நாளாகியிருந்தது முகத்திலேயே தெரிந்தது. யானிக்கின் தாடியில் ஐஸ் முத்து கோத்திருந்தது. அடுப்பில் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ரோலாந்த் ரொட்டியை வெட்டி நீட்டினாள்.

"எங்கடா வேலை இன்னிக்கு?" என்றேன்.

"வளைவுல, ரோட்டோரச் சிலுவைக்கிட்ட. அங்கேருந்து இங்க வரைக்கும் லைன் முழுசா இருக்கும்மா. இந்தப் பக்கம் தோப்புல அறுந்திருக்கு, அந்தப் பக்கம் சிலுவைக்கு அப்பால அறுந்திருக்கு. சிலுவைக் கம்பத்துல சேத்துட்டா உங்களுக்கும் ரோலாந்த் அத்தைக்கும் வெளக்கு எரியும். இன்னிக்கோ நாளைக்கோ."

"என் செல்லம்" என்றாள் ரோலாந்த். "பூனைக்கிட்ட சொல்றேன்."

நோர்மான் கொட்டகையிலிருந்து உள்ளே வந்தான். மகனைப் பார்த்தான், பூட்ஸைப் பார்த்தான், சூப்பைப் பார்த்தான். உட்கார்ந்தான்.

"அம்மா" என்றான் யானிக். "ஃப்ளோரியான் மெஷின மாட்டும்போது மெயின் எறங்கியிருக்கான்னு பாக்கச் சொல்லு. நான் லைன்ல இருப்பேன்."

"உகெட்" என்றான் நோர்மான் என்னைப் பார்த்து. "இவன் புட்டியில பால் குடிச்ச காலத்துல இருந்து நான் மெயின் எறக்கறேன்னு சொல்லு."

"ரெண்டு பேரு காதும் நல்லாத்தான இருக்கு" என்றேன். "எனக்குத் தொண்டை வலிக்குது, நீங்களே பேசிக்கங்க."

கூட்டாளி சூப்புக்குள் சிரித்தான். யானிக் எழுந்து, கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கைப்பிடி கீழேதான் இருந்தது. திருப்தியாகத் தலையாட்டினான். போகும்போது என் கன்னத்தில் முத்தம் வைத்தான். ஐஸ் போல் இருந்தது மூக்கு.

அவர்கள் லாரி போன பிறகு நோர்மான் மறுபடி கொட்டகைக்குப் போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ஏதோ ஒரு கள்ளத்தனம் இருந்தது, ஜாம் திருடித் தின்ற பையன் போல. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டான். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் கொட்டகைக் கதவுக்கு மேல் இருக்கும் பல்பு தெரியும்.

"சிலுவையிலேருந்து சேக்க எவ்ளோ நேரம் ஆகும்?" என்றான்.

"அவன்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"சும்மா கேட்டேன்."

கேட்ட கையோடு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். பாவமாக இருந்தது. போர்வையை எடுத்துப் போர்த்தினேன். ரோலாந்த் பூனைக்குத் தீனி வைக்கச் சாலையைத் தாண்டினாள், கையில் பனிச்சறுக்குக் குச்சி இரண்டு, பூட்ஸுக்கு மேல் பழைய கம்பளிச் சாக்ஸ். பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்க எல்லோரும் அப்படித்தான் நடந்தோம்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது முற்றத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. ஃப்ளோரியான். எங்கள் முறை இன்னும் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, எங்களுக்கு முன்னால் இருந்த பண்ணையில் கூரை இறங்கிவிட்டதால் அவர்கள் மாடுகளை வேறிடத்துக்கு ஏற்றிவிட்டார்களாம், அதனால் நேரே எங்களிடம் வந்துவிட்டான். எனக்கோ சந்தோஷம், இன்றைக்குச் சீக்கிரம் கறந்துவிடலாம். நோர்மானை எழுப்ப மனசு வரவில்லை. நானே போய் மெஷினை மாட்டிக் கறக்கலாம் என்று கோட்டைப் போட்டேன். டிராக்டர் உறுமியது. சமையலறை பல்பு எரிந்தது. ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டுக்கும் கொஞ்சம் கரண்ட் வரும், அதில் அதிசயமில்லை.

கதவைத் திறந்தேன்.

ரோலாந்த் வீட்டு வாசலில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். ஒவ்வொரு பல்பும் ஒரு ஐஸ் உருண்டைக்குள் இருந்தது, அதனால் பழம் பழுத்ததுபோல் பெரிது பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவு அழகாக அவற்றை நான் என்றைக்கும் பார்த்ததில்லை. என் பிள்ளை செய்துவிட்டான் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ரோலாந்த் வாசலுக்கு ஓடி வந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

"வந்துடுச்சு உகெட், கரண்ட் வந்துடுச்சு."

நானும் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது. டிராக்டரின் சத்தம் தடித்துப்போயிருந்தது, சுமக்க முடியாததைச் சுமப்பதுபோல் முக்கியது. எங்கள் கொட்டகைக்கு அது அப்படி முக்காது. ரோலாந்திடம் ஜெனரேட்டர் கிடையாது. அவள் வீட்டுக்குப் போகிற வயர் எங்கள் கம்பத்திலிருந்து போகவில்லை, லைனிலிருந்து போகிறது. அந்த லைன் சிலுவை வரைக்கும் போகிறது.

அது என் பிள்ளை கொடுத்த கரண்ட் இல்லை. எங்கள் கரண்ட். அவனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. நோர்மான் துள்ளி எழுந்தான். என் முகத்தைப் பார்த்தான், என் தோளுக்கு மேலாக அந்த விளக்குகளைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன்.

"நான் ஏத்தி வச்சேன்" என்றான். "மெயின. நான்தான்."

ஏன் என்று கேட்க நேரமில்லை. வழுக்காமல் இருக்கக் காலையில் தூவிய சாம்பலின் மேல் புது ஐஸ் மூடியிருந்தது. நோர்மான் என்னைத் தாண்டிப் பாய்ந்தான், நாலடி போவதற்குள் இரண்டு காலும் மேலே போக முதுகு தரையில் அறைய விழுந்தான். மூச்சு நின்றவன்போல் வாயைத் திறந்து திறந்து மூடினான். அவனைத் தாண்டிப் போனேன். நான் நின்று ஓட முயலவில்லை. கையையும் முழங்காலையும் ஊன்றிக் குழந்தை மாதிரி தவழ்ந்தேன். கொட்டகை என்றைக்கும் அவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை. ஃப்ளோரியான் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான், காதில் கம்பளித் தொப்பி, பக்கத்தில் இன்ஜின். கத்திப் பயனில்லை. அவன் பெயர், ஆண்டவர் பெயர், பிள்ளையின் பெயர் எல்லாம் ஒன்றாகக் கலந்து என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. தவழ்ந்தபடியே பேரம் பேசினேன். அவன் கம்பத்திலேயே இருக்கட்டும், மாடு வேண்டாம், பண்ணை வேண்டாம், எவ்வளவு தூரத்துக்கு வேண்டுமானாலும் போகட்டும், இருந்தால் போதும்.

கைப்பிடி மேலே இருந்தது. இரண்டு கையாலும் தொங்கி இழுத்தேன். இறங்கியது.

வெளியே டிராக்டர் சட்டென்று இளைப்பாறியதுபோல் ஒலித்தது. ஃப்ளோரியான் திரும்பினான்.

"என்னாச்சு உகெட்? நோர்மான் எப்பவும் எறக்கித்தான வச்சிருப்பான்."

"யானிக் லைன்ல இருக்கான்" என்றேன்.

அந்த மனுஷன் பொதுவாக எங்கள் பக்கத்து வழக்கப்படி மாதா கோயில் சாமான் ஒன்று விடாமல் இழுத்துத் திட்டுகிறவன். அன்றைக்கு அதெல்லாம் விட்டு, ஜெனரேட்டரை டிராக்டரிலிருந்து கழற்றக் குனிந்தான். இணைப்பு முளை இறுகிக் கழலவில்லை. நோர்மான் நொண்டி வந்து சுத்தியலால் அடித்துக் கழற்றினான். சங்கிலி கட்டிய சக்கரம் என்பதால் டிராக்டர் ஒன்றுதான் அந்த ரோட்டில் போகும். மூன்று பேரும் ஏறினோம். ரோலாந்த் சாலை ஓரத்துக்கு வந்துவிட்டிருந்தாள்.

"வந்துட்டு உடனே போயிடுச்சே. என்னவாம்?"

அவள் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிலுவை வரைக்கும் வெறும் வயல்தான். நடந்தே போகிற தூரம். டிராக்டர் ஊர்ந்தது. தலைக்கு மேல் அந்த வயர் எங்களோடே வந்தது, ஐஸ் போர்த்திக்கொண்டு, ஒன்றுமே தெரியாததுபோல். நான் நோர்மானைப் பார்க்கவில்லை. பார்த்தால் அடித்துவிடுவேன் என்று இருந்தது. பார்க்காவிட்டாலும் அவன் பல் கிடுகிடுவென்று அடிப்பது கேட்டது.

வளைவில் லாரி நின்றது. அதன் ஆரஞ்சு விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. ஆளைத் தூக்கும் தொட்டி உச்சியில், கம்பத்தின் தலைக்குப் பக்கத்தில் இருந்தது. தொட்டியில் யாரும் இல்லை. கீழே அவன் கூட்டாளி அண்ணாந்து நின்றான், தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். தொப்பியைக் கழற்றி நிற்கிறானே என்றுதான் எனக்குத் தோன்றியது. சிலுவையடியில் தொப்பியைக் கழற்றி நிற்கிறானே.

"யானிக்" என்று கூப்பிட்டான் நோர்மான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. குரல் உடைந்துபோய், யாரோ கிழவன் கூப்பிட்டதுபோல் இருந்தது.

தொட்டியின் விளிம்புக்கு மேல் ஒரு ஹெல்மெட் எழுந்தது.

அவன் உள்ளே குந்தி உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் அக்குளுக்குள் சொருகி, எதையும் தொடாமல், சுருண்டு. தொட்டி இறங்கியபோதும் கையை எடுக்கவில்லை. நான்தான் இழுத்து எடுத்தேன். ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். பத்தும் இருந்தன. அவன் பற்களும் அடித்துக்கொண்டிருந்தன, அப்பன் மாதிரியே.

"சோதிச்சுப் பாத்தேம்மா. லைன் செத்துதான் இருந்துச்சு" என்றான். "எர்த் வயர் மாட்டறதுக்குக் கைய நீட்டிட்டேன். இவ்ளோதான் இருந்துச்சு." விரல் நீளம் காட்டினான். "அப்பத்தான் வயலுக்கு அந்தப் பக்கம் கலர் கலரா தெரிஞ்சுது. ரோலாந்த் அத்தை வீடு. நான் இன்னும் சேக்கவே இல்லையே, அங்க எப்படி எரியுதுன்னு..." என்னை நிமிர்ந்து பார்த்தான். "யாரு வீட்டு மெயின்? நம்மது இல்ல. நான் பாத்தேனே, எறங்கித்தான இருந்துச்சு?"

என்னிடம்தான் கேட்டான், வழக்கம்போல். இந்தத் தபாலை நான் கொண்டுபோக மாட்டேன்.

நோர்மான் அவன் முன்னால் போய் நின்றான்.

"நான் ஏத்தினேன். நீ பாத்துட்டுப் போனப்புறம். ஃப்ளோரியான் ராத்திரிதான வருவான், அதுக்குள்ள எறக்கிடலாம்னு நெனச்சேன். மெயின் ஏத்தி வச்சாத்தான நீ சேத்ததும் கொட்டா பல்பு எரியும். அத மொதல்ல பாக்கணும்னு இருந்துச்சு. நீ அனுப்பற வெளிச்சத்த. உக்காந்து பாத்துட்டே இருந்தேன். தூங்கிட்டேன்."

யானிக் அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இதை வாய் திறந்து மூன்று வருஷம் முன்பே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் இந்த மனுஷனுக்கு. பிள்ளை மேல் வைத்த ஆசையைக் கூடத் திருட்டுத்தனமாகத்தான் வைக்கத் தெரியும்.

யானிக் கையுறையை மாட்டிக்கொண்டான். முதல் தடவை விரல் நுழையவில்லை.

"வீட்டுக்குப் போப்பா" என்றான். "மாடு கறக்காம நிக்கும்."

அன்று அவனால் வேலை செய்ய முடியவில்லை, கூட்டாளி அவனை மறுபடி ஏறவும் விடவில்லை. மறுநாள் காற்று எழும்பிச் சிலுவைக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பம் சாய்ந்தது. கரண்ட் வரவில்லை. ஜெனரேட்டர் வந்தது, போனது. ஒவ்வொரு தடவையும் மெயினை நோர்மான், ஃப்ளோரியான், நான் என்று மூன்று பேரும் போய்த் தொட்டுப் பார்த்தோம். அது போதவில்லை நோர்மானுக்கு. கைப்பிடியைக் கம்பியால் கீழே இறுக்கிக் கட்டினான். அப்புறமும் ஒரு ஸ்டூலைப் போட்டு அங்கேயே உட்கார ஆரம்பித்தான். சாப்பாட்டுக்கு வந்தான், தூங்க வந்தான், மற்ற நேரம் அங்கேதான். எனக்கும் ராத்திரியில் கண்ணை மூடினால் சிவப்பும் பச்சையும்தான் தெரிந்தன.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தேன். ரோலாந்த் வீட்டு வாசலில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

பாத்திரம் கையிலிருந்து விழுந்தது. கோட்டும் இல்லை, பூட்ஸும் இல்லை, சாக்ஸோடு முற்றத்தில் தவழ்ந்தேன். இன்ஜின் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்பதை மூளை சொல்லியது, உடம்பு நம்பவில்லை. கொட்டகைக் கதவைத் தள்ளினேன். உள்ளே இருட்டு. மாடுகள் அசை போட்டுக்கொண்டிருந்தன. நோர்மான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான், கம்பி கட்டிய கைப்பிடி கீழே இருந்தது, அதன் மேல் அவன் கை.

"ரோலாந்த் வீட்டுல..." என்றேன்.

"பாத்தேன்" என்றான். "அது நம்ம கரண்ட் இல்ல உகெட். அவனோடது."

"அப்ப ஏத்தேன். ஏன் இருட்டுல உக்காந்திருக்க?"

அவன் கையை எடுக்கவில்லை.

"அவன் எறங்கி வரட்டும்" என்றான். "வந்து அவனே ஏத்தட்டும்."

நான் ஈரச் சாக்ஸோடு அவன் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்தேன். ரோட்டில் லாரி வரும் சத்தம் கேட்கும்வரை இரண்டு பேரும் அந்த இருட்டிலேயே இருந்தோம்.